கலந்துரையாடலுக்கு உரிய நேரம் வேண்டும்

வேளாண் அறிவியல் மாநாடுகளின் நிகழ்ச்சி நிரலில் கலந்துரையாடல் என்றொரு பகுதி தவறாமல் இடம் பெறுகிறது. ஆனால் கட்டுரை படிப்போர் தமக்குரிய நேரத்தைத் தாண்டிவிடுவதால், பல இடங்களில் அது உணவு வேளைக்கு முந்திய சில நிமிடங்களாகச் சுருங்கிவிடுகிறது. அழைக்கப்பட்ட உழவர்கள் வாய் திறவாமலே ஊர் திரும்புகிறார்கள். இந்நிலை மாற வேண்டும்.

இதனால் நேரும் இழப்பு சிறிதன்று. 2008-ஆம் ஆண்டில் கோவைப் பகுதியில் தோன்றிய பப்பாளி மாவுப்பூச்சி, மல்பெரி, மரவள்ளி, பருத்தி ஆகிய பயிர்களையும் தாக்கியது. அதன் உடலை மெழுகுப் படலம் மூடியிருப்பதால் பூச்சிமருந்து எளிதில் உள்ளே செல்வதில்லை. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகள் தருவிக்கப்பட்டு வயல்களில் விடப்பட்ட பின்னரே பூச்சி கட்டுக்குள் வந்தது. குளவியின் திறனை ஆய்வுக் கட்டுரை எடுத்துச் சொல்லிவிடும். பக்கத்துத் தோட்டத்தில் மருந்து தெளித்தால் நம் தோட்டத்துக் குளவி பிழைக்குமா என்று கேட்பவர் உழவரே. இத்தகைய கேள்விகளுக்கு விடை காணாத பரிந்துரை வயலில் நிலைக்காது.

மாநாடு கூட்டுவோர் கட்டுரைகளின் எண்ணிக்கையைக் குறைத்து, மூன்றில் ஒரு பங்கு நேரத்தையாவது கலந்துரையாடலுக்கு ஒதுக்க வேண்டும். உழவர்களின் வினாக்களை முன்கூட்டியே திரட்டி, உரிய விஞ்ஞானிகளிடம் கொடுத்துவிட வேண்டும். பேச்சு தமிழில் நடைபெற வேண்டும். முதல் வினா உழவருடையதாக இருக்க வேண்டும். நேரம் தாண்டுவோரை நிறுத்தத் தயங்காதவரே தலைமை ஏற்க வேண்டும். விடை கிடைக்காத வினாக்களைக் குறித்துக்கொண்டு, யார், எப்போது பதில் தருவார் என்பதையும் அங்கேயே முடிவு செய்தல் நலம்.

உழவர் பங்கேற்றால் ஆய்வின் தரம் தாழும் என்று சிலர் கருதலாம். ஆய்வு முறைகளைப் பற்றிய விவாதத்திற்குத் தனி அமர்வு இருக்கட்டும். பரிந்துரை செய்யும் அமர்வில் அதைக் கடைப்பிடிக்க வேண்டியவர் இல்லாமல் எப்படி? நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974-இல் புதுச்சேரியில் தொடங்கப்பட்டது. இந்நிலையங்களின் அறிவியல் ஆலோசனைக் குழுக்களில் உழவர்களும் இடம் பெறுகிறார்கள். மாநாடுகளிலும் அந்த இடம் அவர்களுக்கு உண்டு.

உழவர்களும் ஆயத்தமாக வர வேண்டும். பயிரின் இரகம், விதைத்த நாள், இட்ட உரம், தெளித்த மருந்து ஆகியவற்றைக் குறித்து வருதல் அவசியம். பாதிக்கப்பட்ட இலையை வாய் கட்டிய பிளாஸ்டிக் பையில் எடுத்து வந்தால் பூச்சி வழியில் பரவாது. விவரத்தோடு கேட்கும் கேள்விக்கே பயனுள்ள விடை கிடைக்கும்.