புகாரை விசாரிப்பது யார்?

காவல் துறையில் லஞ்சம் என்றதும் சாலையோரம் வாகனத்தை மறித்து நூறு, இருநூறு வாங்கும் காவலரே நம் நினைவுக்கு வருகிறார். கண்ணில் படுவதால் கோபமும் அவர் மீதே பாய்கிறது. ஆனால், உண்மையில் விலை பேசப்படும் இடம் காவல் நிலையத்தில் புகார் மனு வைக்கப்படும் மேசைதான்.

வந்த மனுவை முதல் தகவல் அறிக்கையாகப் பதிவு செய்வதா, சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்து அனுப்புவதா? எந்தப் பிரிவைச் சேர்ப்பது, யார் பெயரை விடுவது? உரிமையியல் நீதிமன்றம் செல்ல வேண்டிய நிலத்தகராறை நிலையத்திலேயே "பேசி முடிப்பதா"? இவை அனைத்தும் ஓர் ஆய்வாளரின் விருப்பத்தில் நிற்கும்வரை அந்த விருப்பத்துக்கு விலை இருக்கும். பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் எனப் புகாரிலேயே தெரிந்தால் வழக்குப் பதிவு கட்டாயம் என 2013-இல் லலிதா குமாரி வழக்கில் உச்சநீதிமன்றம் கூறியது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமோ, மூன்று முதல் ஏழு ஆண்டுகளுக்குட்பட்ட தண்டனைக்குரிய குற்றங்களில், துணைக் கண்காணிப்பாளரின் அனுமதியோடு 14 நாள் முதற்கட்ட விசாரணைக்கு இடமளிக்கிறது. பேரத்துக்கும் அது கால அவகாசமாகிவிடக் கூடாது.

இன்னொன்றையும் நேர்மையாகப் பேச வேண்டும். ஆதரவற்ற சடலத்தை எடுத்துச் செல்ல வண்டி, கைதானவருக்கு உணவு, வெளியூர் விசாரணைக்குப் பயணம் எனக் காவல் நிலையத்துக்கு அன்றாடச் செலவுகள் உண்டு. அரசுப் பணம் போதாத, அல்லது தாமதமாக வரும் இடங்களில் "ஸ்டேஷன் செலவு" என்ற பெயரில் மாமூல் நுழைகிறது. பணம் எங்கிருந்து வந்தது என்று ரைட்டரைக் கேட்காத அதிகாரி, பிறகு எதையும் கேட்க முடியாது. விரும்பிய இடத்துக்கு மாறுதல் பெறப் பணம் கொடுத்தவர், அதைத் திரும்ப எடுக்கவே பார்ப்பார்.

பிரகாஷ் சிங் வழக்கில் 2006 செப்டம்பரில் உச்சநீதிமன்றம் பிறப்பித்த ஏழு கட்டளைகள் இந்த நோய்க்குத்தான். நிலையப் பொறுப்பு அதிகாரிக்குக் குறைந்தது இரண்டாண்டுப் பணிக்காலம், ஓய்வுபெற்ற நீதிபதிகள் தலைமையில் மாநில, மாவட்டப் புகார் ஆணையங்கள் ஆகியவை அவற்றுள் அடங்கும். தமிழகம் 2013-இல் இயற்றிய காவல் சீர்திருத்தச் சட்டமோ மாநில ஆணையத்துக்கு உள்துறைச் செயலரையும், மாவட்ட ஆணையத்துக்கு ஆட்சியரையும் தலைவராக்கியது. உறுப்பினர்களாகக் காவல் அதிகாரிகளையே அமர்த்தியது. கண்காணிப்பாளரின் கீழ் பணிபுரியும் ஆய்வாளர் மீது அதே கண்காணிப்பாளர் அமர்ந்திருக்கும் குழுவிடம் முறையிட எத்தனை பேர் துணிவார்கள்?

ஹாங்காங் கற்ற பாடம் இதுவே. 1973-இல் பீட்டர் காட்பர் என்ற உயர் காவல் அதிகாரி, ஊழல் விசாரணை நடக்கும்போதே நாட்டைவிட்டுத் தப்பினார். அதுவரை காவல் துறை ஊழலை விசாரித்தது காவல் துறையின் பிரிவேதான். மறு ஆண்டே ஆளுநருக்கு மட்டும் பதில் சொல்லும் தனி ஆணையம் பிறந்தது; காட்பர் திருப்பிக் கொண்டுவரப்பட்டுச் சிறை சென்றார். பாதை எளிதாக இருக்கவில்லை. 1977-இல் காவலர்களே ஆணைய அலுவலகத்துக்குள் புகுந்து தாக்கினர். பழைய குற்றங்கள் பலவற்றுக்கு அரசு மன்னிப்பு அளிக்க நேர்ந்தது. ஆயினும் ஆணையம் கலைக்கப்படவில்லை.

இங்கோ லஞ்ச ஒழிப்புத் துறையின் விசாரணை அதிகாரிகளும் காவல் துறையிலிருந்தே வருகின்றனர். அவர்கள் திரும்பிச் செல்ல வேண்டியதும் அதே துறைக்குத்தான். புகார் ஆணையங்களின் தலைமையை ஓய்வுபெற்ற நீதிபதிகளிடம் ஒப்படைக்கச் சட்டப்பேரவையில் ஒரு திருத்த மசோதா போதும்.