தொலையவில்லை, ஒளிந்திருக்கிறது!

மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே வீடு முழுக்கத் தேடும் தாத்தாக்கள் இப்போது குறைந்துவிட்டார்கள். அந்த இடத்தை எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வைத்திருக்கும் இளைஞர்கள் பிடித்துவிட்டார்கள். "பேக்கப் எடுத்தேன் சார், நல்லா ஞாபகம் இருக்கு. இப்ப திறந்தா ஒண்ணுமே இல்லை!"

ஆபீஸில் என் சீட்டுக்கு மாதத்துக்கு ஒருவராவது இப்படி வருகிறார். கையில் டிஸ்க், முகத்தில் துக்க வீட்டுக் களை. பாதிப் பேருக்கு மேல் ஃபைல் தொலைந்திருக்காது. ஒளிந்துகொண்டிருக்கும்.

தேடுவதற்கு முன்னால் கணக்குப் பாருங்கள். டிரைவ் மேல் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ். யூஸ்டு ஸ்பேஸ் 180 ஜிபி என்கிறது. கண்ணுக்குத் தெரியும் ஃபோல்டர்களைக் கூட்டினால் 10 ஜிபிதான் வருகிறது. மீதி 170 ஜிபி எங்கும் ஓடவில்லை சார், உள்ளேதான் இருக்கிறது.

ஜெராக்ஸ் கடையில் பயோடேட்டா பிரிண்ட் எடுக்க அந்த டிஸ்க்கைச் செருகினீர்களா? அங்கே ஒட்டிக்கொள்ளும் ஒரு ஜாதி வைரஸ், நிஜ ஃபைல்களை மறைத்துவிட்டு அதே பெயரில் ஷார்ட்கட்டுகளை வாசலில் உட்கார வைக்கும். அவற்றைத் தொடாதீர்கள். முதலில் ஆன்டிவைரஸை ஓட்டுங்கள். பிறகு ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் ஹிட்டன் ஃபைல்களைக் காட்டச் சொல்லுங்கள். அப்படியும் வராவிட்டால், அதே இடத்தில் 'ப்ரொடெக்டட் ஆபரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்' என்று ஒரு வரி இருக்கும். அதன் டிக்கை எடுத்தால் எல்லாம் சமர்த்தாக வெளியே வரும்.

டிஸ்க்கைச் செருகியதும் 'ஃபார்மேட் செய்யட்டுமா?' என்று விண்டோஸ் கேட்டால், 'வேண்டாம்.' மேக்கில் ஃபார்மேட் செய்த டிஸ்க்காக இருந்தாலும் விண்டோஸ் இப்படித்தான் கேட்கும். அதற்குப் படிக்கத் தெரியாது, அவ்வளவுதான். தெரியாத பாஷையில் எழுதிய புத்தகத்தைக் கிழித்துப் போடவா முடியும்?

நிஜமாகவே அழித்துவிட்டீர்களா? அந்த டிஸ்க்கில் புதிதாக ஒரு எழுத்துக்கூட எழுதாதீர்கள். அழித்த ஃபைலின் இடத்தில் வேறொன்று வந்து உட்காரும் வரை நம்பிக்கை உண்டு. 'ஃபோட்டோரெக்' என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. மீட்டதை வேறு டிஸ்க்கில்தான் சேமிக்க வேண்டும்.

மருந்தே இல்லாத கேஸும் ஒன்று உண்டு. டெஸ்க்டாப்பில் இருந்த ஷார்ட்கட்டை மட்டும் இழுத்துப் போட்டுவிட்டு பேக்கப் என்று நினைப்பது. ஒவ்வொன்றும் ஓரிரண்டு கேபிதான் இருக்கும். வீட்டு விலாசத்தை பீரோவில் பூட்டிவிட்டு வீடே பத்திரம் என்று நம்புகிற கதை!

போன மாதம் அக்கவுன்ட்ஸ் நண்பர் வந்தார். லேப்டாப் போர்டு செத்துவிட்டது. போன வருஷம் காலமான அவருடைய அப்பா வாட்ஸ்ஆப்பில் அனுப்பியிருந்த குரல் பதிவுகளை அதில்தான் சேர்த்து வைத்திருந்தார். பேக்கப் டிஸ்க்கில் அப்படி ஒரு ஃபோல்டரே இல்லை. 'ஃபைல்ஹிஸ்டரி' என்று ஒன்று மட்டும் இருந்தது.

"அது ஏதோ விண்டோஸ் குப்பை சார். ஃபார்மேட் பண்ணிட்டுப் புதுசா ஆரம்பிங்கன்னு மச்சினர் சொல்றார்."

"எவ்வளவு யூஸ்டு காட்டுது?"

"இருநூத்திப் பன்னெண்டு ஜிபி."

"மச்சினரை ரெண்டு நாள் வீட்டுக்குக் கூப்பிடாதீங்க" என்றேன்.

விண்டோஸின் ஃபைல் ஹிஸ்டரி நம் ஃபோல்டரை அப்படியே வைக்காது. உங்கள் பெயர், கம்ப்யூட்டரின் பெயர், 'டேட்டா', 'சி', 'யூசர்ஸ்' என்று அக்ரஹாரத்து வீடு மாதிரி கட்டு கட்டாக உள்ளே போக வேண்டும். போனால், ஒவ்வொரு ஃபைலின் பெயருக்குப் பின்னாலும் தேதி, நேரம் என்று ஒரு வால் இருக்கும். அதுவும் யூடிசி கணக்கு. நம்ம ஊர் கடிகாரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். ஒரே ஃபைலை நாலு தடவை திருத்தியிருந்தால் நாலு காப்பிகூட இருக்கும்.

கடைசிக் கட்டில், மியூசிக் ஃபோல்டரில் இருந்தது. கிளிக் செய்தேன். "டேய், மழை வர்ற மாதிரி இருக்கு. மாடியில துணி காயுது, எடுத்து வை." பதினொரு செகண்ட்.

நண்பர் இன்னொரு தடவை போடச் சொன்னார். மூன்றாவது தடவை அவர் கேட்காமல் நானே போட்டேன்.

பெரிய கம்பெனிகளும் இதில் விதிவிலக்கில்லை. 1998-இல் பிக்ஸாரில் 'டாய் ஸ்டோரி 2' தயாராகிக்கொண்டிருந்தபோது, தவறான ஒரு டெலீட் கட்டளையில் படத்தின் பெரும்பகுதி அழிந்தது. பேக்கப்பைப் பார்த்தால், அது சரியாகப் பதிவாகவே இல்லை! கைக்குழந்தைக்காக வீட்டிலிருந்து வேலை பார்த்த கேலின் சஸ்மன் என்ற பெண்மணியின் கம்ப்யூட்டரில் ஒரு காப்பி இருந்தது. அதைப் போர்வையில் சுற்றி, கார் சீட்டில் பெல்ட் போட்டு அழைத்து வந்தார்கள். படம் 1999-இல் ரிலீஸாகி ஓடு ஓடென்று ஓடியது.

ஆகவே மூன்று காப்பி, இரண்டு வகைச் சாதனம், அதில் ஒன்று வேறு இடத்தில். இது உலகம் முழுக்கச் சொல்லும் கணக்கு. நான் சேர்ப்பது ஒன்றே ஒன்று: மாதம் ஒரு முறை பேக்கப்பிலிருந்து ஏதாவது ஒரு ஃபைலைத் திறந்து பாருங்கள். திறக்காத பேக்கப் பரண்மேல் ஊறுகாய் ஜாடி மாதிரி. பூசணம் பூத்தது, விருந்தாளி வந்து மூடியைத் திறக்கும்போதுதான் தெரியும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை, மத்தியானத் தூக்கத்துக்கு முன்னால் பத்தே நிமிஷம். மச்சினர் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து!