பத்தாம் வகுப்புக்குப் பின் வழிகள் பல

பெங்களூருக்கு வேலை தேடி வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் பிள்ளைகளுக்குத் தெரிந்த படிப்புகள் இரண்டே: டாக்டர், என்ஜினீயர். அவை கிட்டாவிட்டால் கிடைத்த வேலை. இந்நிலை மாற வேண்டும்.

பத்தாம் வகுப்பு தேறியவர் பாலிடெக்னிக்கில் மூன்றாண்டு டிப்ளமா முடித்து, என்ஜினீயரிங் படிப்பில் நேரே இரண்டாம் ஆண்டில் சேரலாம். ஐ.டி.ஐ.யில் பிட்டர், எலக்ட்ரீசியன் பயிற்சி பெற்றவர், 1961-ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டப்படி தொழிற்சாலையில் உதவித்தொகையுடன் பழகலாம்.

இதே நகரில் 1909-இல் தொடங்கிய இந்திய விஞ்ஞானக் கழகம் ஆண்டில் ஒரு நாள் தன் ஆய்வுக்கூடங்களைப் பொதுமக்களுக்குத் திறந்து காட்டுகிறது. பிள்ளைகளை அழைத்துச் செல்லப் பஸ் கட்டணமே செலவு.

தமிழ் அமைப்புகள் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்கே வழிகாட்டும் கூட்டங்கள் நடத்தட்டும். மார்க் வந்தபின் யோசிப்பது, ரயில் போனபின் டிக்கெட் வாங்குவதாகும்.