எந்த மாதத்துச் சம்பளத்தைக் கேட்கிறீர்கள்?



அஸ்வெசும விபரம் திரட்ட வருபவர்கள் லயத்து வாசலில் நின்று, "மாத வருமானம் எவ்வளவு?" என்கிறார்கள். நாம் திருப்பிக் கேட்போம்: எந்த மாதம்?

2024 செப்டெம்பரில் நாட்சம்பளம் 1,350 ரூபா ஆனது. அந்தச் சம்பளத்தில், கொழுந்து நிறைந்த மாதத்தில் 25 நாள் பேர் விழுந்தால் 33,750 ரூபா. வரட்சியில் 12 நாள்தான் வேலை என்றால் 16,200 ரூபா. சொன்ன கிலோ வராவிட்டால் அரைப்பேர், அந்தக் கணக்கில் 675 ரூபா. இதிலும் சேமலாப நிதிக்கு நூற்றுக்கு 8 போகிறது, முற்பணமும் கழிகிறது. அதே வீடு, அதே மலை, அதே உழைப்பு. சம்பளம் மட்டும் பாதியாகிறது. நல்ல மாதத்தை எழுதிக்கொண்டு போனால் வீட்டுக்காரி வசதியானவள் ஆகிவிடுகிறாள்.

கொழும்புக்குப் போன பிள்ளைகளின் கணக்கு இன்னும் மோசம். வெள்ளவத்தைப் புடவைக் கடையிலும் கொட்டாஞ்சேனைச் சாப்பாட்டுக் கடையிலும் நிற்கும் நம் இளைஞர்கள் வாடகையும் சாப்பாடும் போக மிஞ்சினால் அனுப்புவார்கள். தீபாவளிக்கு 10,000 வரும். அடுத்த இரண்டு மாதம் ஒன்றும் வராது. "மகன் கொழும்பில் வேலை" என்ற ஒரு வரியை வைத்து மாதாமாதம் பணம் வருவதாக எண்ணுவது எந்த ஊர் நியாயம்?

2023 ஜூலையில் தொடங்கிய அஸ்வெசும, கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீடு, குடும்ப அமைப்பு என்று 22 குறிகாட்டிகளைப் பார்க்கிறது. 2025 ஜனவரி முதல் வறிய குடும்பத்துக்கு 10,000 வரையும் மிக வறிய குடும்பத்துக்கு 17,500 வரையும் கொடுக்கப்படுகிறது. ஒரு வரி தவறாகப் பதிந்தால் இழப்பது இவ்வளவு. 2019 அரச கணக்கெடுப்பின்படி நாட்டில் வறியோர் நூற்றுக்கு 14.3; தோட்டங்களில் 33.8. சமுர்த்திக் காலத்திலும் "உங்களுக்குத்தான் கம்பனி இருக்கிறதே" என்று நம்மில் பெரும்பாலோரை ஒதுக்கினார்கள். அந்தக் கதை மீண்டும் வேண்டாம்.

"வருமானத்தை மறைக்கிறார்கள்" என்பவர்களுக்கு ஒரு பதில். நாள்தோறும் செக்ரோலில் ஏறும் வருமானம் நம்முடையது. அதில் எதை மறைக்க முடியும்? பன்னிரண்டு மாதத்தையும் கூட்டிப் பன்னிரண்டால் வகுங்கள். பள்ளிக்கூடத்தில் நாங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் சராசரிக் கணக்குத்தான் இது. பிரேசில் நாட்டின் குடும்ப உதவித் திட்டத்தில் வருமானம் கொஞ்சம் உயர்ந்ததும் உதவியை உடனே வெட்டுவதில்லை. குறிப்பிட்ட காலம் பாதித் தொகை தொடர்கிறது. இங்கேயும் செய்யலாம்.

நாம் கேட்பது மூன்று. ஓராண்டுச் சராசரியை எடுங்கள். கொழும்புப் பிள்ளைகள் உண்மையில் அனுப்பிய பணத்தை மட்டும் சேருங்கள். ஒரு நல்ல மாதத்துக்காகக் கொடுப்பனவை நிறுத்தாதீர்கள்.

நாம் செய்ய வேண்டியதும் உண்டு. சம்பளத் துண்டுகளை அடுப்பில் போடாமல் ஒரு பையில் சேருங்கள். பிள்ளைகள் பணம் அனுப்பிய சீட்டையும் வையுங்கள். கேட்பவரிடம் நல்ல மாதம், மோசமான மாதம் இரண்டையும் சொல்லி, இரண்டையும் எழுதச் சொல்லுங்கள். வெற்றுப் படிவத்தில் கையொப்பம் வேண்டாம். பெயர் விடுபட்டால் மேன்முறையீட்டை எழுத்தில், தவணைக்குள் கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். எழுதத் தெரியாதவர்கள் தோட்டக் கமிட்டியிடம் வாருங்கள். எழுதித்தருவதும் பிரதேச செயலகத்துக்குக் கூட வருவதும் சங்கத்தின் வேலை.

இது யாரும் போடும் பிச்சை அல்ல. நாட்டுக்கு டொலர் கொண்டுவரும் கைகள் கேட்கும் உரிமை.