வர்ணம் போகாமல் வில்லை எடுப்பது

ஞாயிற்றுக்கிழமைகளில் மணிமுத்தாற்று அணையைப் பார்க்க வரும் மோட்டார் சைக்கிள்களைக் கண்டால், கல்யாணத்துக்குப் புறப்பட்ட பழைய நாளைய வில்வண்டிகளின் ஞாபகம் வரும். பெட்ரோல் டாங்கியில் மஞ்சள், மட்கார்டில் சிவப்பு, முன்புறம் வெள்ளை என்று, வெளிச்சம் பட்டால் மின்னும் ரிப்ளெக்டர் வில்லைகளை இளைஞர்கள் தாராளமாக ஒட்டியிருக்கிறார்கள். ஒட்டுகிறபோது இருந்த உற்சாகம் இரண்டு கோடைக்குமேல் நிற்பதில்லை. ஓரம் சுருண்டு, நிறம் வெளுத்து, புழுதி ஏறிய பிற்பாடு, "எப்படியாவது இதை எடுத்தால் போதும்" என்கிறார்கள். அந்த "எப்படியாவது" என்ற வார்த்தையில்தான் ஆபத்து இருக்கிறது.

அவசரக்காரர் கையில் முதலில் அகப்படுவது ஸ்க்ரூ டிரைவர். அடுத்தது சவர பிளேடு. வில்லை வந்துவிடும், வாஸ்தவந்தான். கூடவே வர்ணமும் வந்துவிடும். எங்கள் பக்கத்துச் சாரல் காலத்தில், வர்ணம் போன தகட்டில் துருப் பிடிப்பதற்கு அதிக நாள் வேண்டியதில்லை. துருவும் கண்ணுக்குத் தெரிகிற புள்ளியோடு நிற்காது. வர்ணத்துக்கு அடியில் புகுந்து பரவும். மாதத் தவணை கட்டி வாங்கிய வண்டிக்கு இது பெரிய நஷ்டம் அல்லவா?

இந்தத் தொல்லை நமக்கு மாத்திரம் நேர்ந்ததல்ல. 1920-களில் அமெரிக்காவில் இரட்டை வர்ண மோட்டார் கார்கள் நாகரிகமாயின. ஒரு வர்ணத்தை அடித்துவிட்டு, அதன்மேல் காகிதத்தை ஒட்டி மறைத்து, மற்றொன்றை அடிப்பார்கள். காகிதத்தை எடுக்கும்போது முதல் வர்ணம் உரிந்து வரும். தொழிலாளிகள் வாயில் வராத வசவு இராது. உப்புக் காகிதம் சோதிக்க அங்கே போயிருந்த ரிச்சர்ட் ட்ரூ என்ற வாலிபர் இதைக் கேட்டார். பலநாள் முயன்று, இறுகப் பிடிக்கவும் சேதமின்றி விடவும் கூடிய ஒட்டுநாடாவை 1925-ல் செய்து முடித்தார். ஆனால் நமது வில்லையின் பின்னால் இருப்பது அந்தச் சாதுவான பசை அல்ல. வெயிலிலும் மழையிலும் வருஷக்கணக்கில் விடாமல் பிடிக்கவேண்டும் என்றே செய்த பசை. அதனோடு பலம் பார்ப்பதில் பயனில்லை, அதை இளக்கவேண்டும்.

அதற்குமுன், வண்டியின் வர்ணம் எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ளவேண்டும். தொழிற்சாலையில் சூளையிலிட்டு உலர்த்திய வர்ணம் கெட்டியானது. பொறுமையாக எடுத்தால் வில்லையோடு வராது. விபத்துக்குப் பின் பட்டறையில் மறுபடி அடித்த வர்ணத்தை அவ்வளவு நம்பமுடியாது. அடியிலுள்ள பழைய வர்ணத்தை நன்றாகத் தேய்க்காமல் அடித்திருந்தால் ஏடு ஏடாகப் பெயரும். அத்தகைய டாங்கியில் வில்லை இருந்துவிட்டுப் போகட்டும் என்பதே என் அபிப்பிராயம். சென்னைத் திருவொற்றியூரில் செய்த புல்லட் வண்டிகளின் டாங்கியில் தூரிகையால் கையாலேயே இழுத்த பொன்னிறக் கோடுகள் உண்டு. அவற்றின்மேல் வில்லை ஒட்டுவதற்கு எப்படித்தான் மனம் வருகிறதோ!

இனி வேலை முறை. முதலில் சோப்பு நீரால் புழுதியைக் கழுவவேண்டும்; மணல் இருந்தால் துடைக்கிற துணியே கீறிவிடும். பிறகு, கை பொறுக்கும் சூடுள்ள வெந்நீரில் துணியை நனைத்து வில்லையின்மேல் போட்டு, ஆற ஆற மாற்றிக்கொண்டிருக்க வேண்டும். பத்து நிமிஷத்தில் பசை இளகும். தலைமயிர் உலர்த்தும் மின்சாரக் கருவியும் உதவும். ஆனால் பெட்ரோல் டாங்கிக்கு வெந்நீரே உத்தமம். மெழுகுவர்த்தி, லைட்டர் முதலியவற்றை வண்டியின் பக்கமே கொண்டுபோகக் கூடாது.

காகிதம்போல் மெல்லிய வில்லையானால், ஒரு மூலையை நகத்தால் கிளப்பி, மேல்நோக்கி இழுக்காமல், பின்னோக்கி மடித்து, வர்ணத்தை ஒட்டினாற்போலவே மெதுவாக இழுக்கவேண்டும். மேலே இழுத்தால் பலம் முழுவதும் வர்ணத்தின்மேல் விழும். பஞ்சுநாடாவில் ஒட்டிய தடித்த வில்லைக்கு வேறு உபாயம். தூண்டிலுக்குக் கட்டுகிற நைலான் நரம்பு எங்கள் அணைக்கரையில் சுலபமாகக் கிடைக்கும். அதில் ஒரு முழம் எடுத்து வில்லைக்குப் பின்னால் கொடுத்து, ரம்பம் அறுப்பதுபோல் இரு கையாலும் இழுத்தால் பஞ்சு அறுந்து வில்லை கையோடு வந்துவிடும்.

மிஞ்சிய பசையைக் கட்டைவிரலால் உருட்டி எடுக்கலாம். எஞ்சியதன்மேல் தேங்காயெண்ணெய் தடவிக் கால்மணி நேரம் ஊறவிட்டுத் துணியால் துடைக்கலாம். அதற்கும் மசியாவிட்டால் நீலகிரித் தைலத்தைப் பஞ்சில் தொட்டுப் பயன்படுத்தலாம். முதலில் இருக்கைக்கு அடியில் மறைவான ஓர் இடத்தில் சோதித்துக்கொள்வது நல்லது. என் மைத்துனர் மகன் இந்தத் தாமதமெல்லாம் பொறுக்காமல் பட்டறையிலிருந்து தின்னர் வாங்கிவந்தான். பசை போயிற்று, பக்கவாட்டுப் பிளாஸ்டிக் மூடியின் பளபளப்பும் அத்துடன் போயிற்று.

எல்லாம் முடிந்தபின், வில்லை இருந்த இடம் மாத்திரம் புதுநிறமாகத் தெரியும். அது பசை அல்ல. சுற்றிலும் வெயிலில் வெளுத்த வர்ணத்துக்கு நடுவே வெயில் படாத வர்ணம். தேய்த்துப் பயனில்லை. வண்டி முழுவதற்கும் லேசாகப் பாலிஷ் போட்டால் வித்தியாசம் குறையும்.

எடுக்கிற உற்சாகத்தில் பின்புறத்துச் சிவப்பு ரிப்ளெக்டரையும் சிலர் பெயர்த்துவிடுகிறார்கள். அது அலங்காரம் அல்ல. 1989-ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகள் கேட்கிற அங்கம். எந்தத் திசையிலிருந்து வெளிச்சம் வந்தாலும் வந்த வழியே திருப்பி அனுப்பும்படி அதன் உட்புறம் நுண்ணிய மூலைகளாக வார்க்கப்பட்டிருக்கிறது. அணையிலிருந்து கல்லிடைக்குறிச்சிக்கு இரவில் திரும்புகையில் பின்விளக்கு அணைந்துபோனால், பின்னால் வரும் லாரிக்காரருக்கு நம்மைக் காட்டுவது அது ஒன்றுதான். உடைந்திருந்தால் சிவப்பையே வாங்கி மாட்டவேண்டும். பின்புறம் வெள்ளை ஒட்டினால், எதிரே வருகிற வண்டி என்று அவர் எண்ணிக்கொள்வார்.