யார் நம்பிக்கையை யார் அளப்பது?

சென்ற மாதம் ஒரு மாணவி வந்தார். எங்கள் தெருவிலிருந்து முதலில் கல்லூரிக்குப் போன பெண்களில் ஒருவர், சமூகப்பணி படிக்கிறார். கையில் ஒரு கேள்வித்தாள். கருப்பைவாய்ப் புற்றுநோய்ச் சோதனைக்குச் சேரிப் பெண்கள் ஏன் வருவதில்லை என்று ஆய்வாம். 'எனக்கு இந்த நோய் வர வாய்ப்பிருக்கிறது: முழுமையாக ஒத்துக்கொள்கிறேன், ஓரளவு ஒத்துக்கொள்கிறேன், தெரியாது' என்று கட்டம் கட்டமாக நாற்பது கேள்விகள். என் சின்னம்மாவிடம் அழைத்துப் போனேன். ஆறாவது கேள்வியிலேயே அவர் தாளைத் தள்ளிவிட்டார்.

"அது கெடக்கட்டும் பாப்பா. முகாமுக்கு நாங்க போகாமலா இருந்தோம்? ஊர்க் கோயில் மண்டபத்துல வெச்சிருந்தாங்க. நாங்க எங்க உள்ள போறது? தெருமுனையிலயே நின்னு பாத்துட்டுத் திரும்பிட்டோம். இதுக்கு எதுல டிக் அடிப்ப?"

தாளில் அதற்குக் கட்டம் இல்லை. ஏன் இல்லை என்பதைத்தான் இந்த இதழில் பேச வேண்டியிருக்கிறது.

அந்தக் கேள்வித்தாளுக்கு ஒரு வரலாறு உண்டு. 1950களில் அமெரிக்கப் பொதுச் சுகாதாரப் பணித்துறை காசநோய் கண்டறிய எக்ஸ்ரே வண்டிகளைத் தெருவுக்கே அனுப்பியது. காசு இல்லை. ஆனாலும் ஜனம் வரவில்லை. ஹோக்பாம், ரோசன்ஸ்டாக் முதலான உளவியலாளர்கள் காரணம் தேடினார்கள். நோய் நமக்கு வரும் என்ற எண்ணம், வந்தால் ஆபத்து என்ற எண்ணம், சோதித்தால் நன்மை என்ற நம்பிக்கை, போவதற்கு உள்ள தடை. இந்த நான்கையும் எடைபோட்டுத்தான் மனிதர் முடிவெடுக்கிறார் என்றார்கள். இதற்கு ஹெல்த் பிலீஃப் மாடல் என்று பெயர். பின்னால் இதே அளவுகோலை மேமோகிராமுக்கும் பாப் ஸ்மியருக்கும் எடுத்துக்கொண்டு கறுப்பினப் பெண்களிடமும், லத்தீன் அமெரிக்க, வியட்நாமியக் குடியேறிகளிடமும் போனார்கள். விதியை நம்புகிறார்கள், வெட்கப்படுகிறார்கள், பயப்படுகிறார்கள் என்று பட்டியல்கள் வந்தன.

தோழர்களே, ஒன்றைக் கவனியுங்கள். 'இவர்கள் ஏன் வருவதில்லை' என்று 1950களில் கேட்ட அதே துறைதான் அலபாமாவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை சிஃபிலிஸ் நோய் கண்ட 399 கறுப்பின ஆண்களைச் சிகிச்சை தராமல் வேடிக்கை பார்த்தது. 1947 வாக்கில் பென்சிலின் வழக்கமான மருந்தாகிவிட்டது. அப்போதும் கொடுக்கவில்லை. ஒரு கையால் அவநம்பிக்கையை உற்பத்தி செய்துவிட்டு இன்னொரு கையால் அதை அளப்பது எந்த விஞ்ஞானம்? ஆஸ்பத்திரியை நம்பாதது அந்த மக்களின் அறியாமை அல்ல, அனுபவம்.

இதற்காக அந்தக் கோட்பாட்டைக் குப்பையில் போடச் சொல்லவில்லை. அதைத் தம் கைக்கு எடுத்துக்கொண்டவர்களும் உண்டு. 1990களின் தொடக்கத்தில் ஆர்கன்சாவில், புற்றுநோயிலிருந்து மீண்ட கறுப்பினப் பெண்கள் தங்கள் தேவாலயங்களில் எழுந்து நின்று சாட்சி சொன்னார்கள். 'எனக்கு வந்தது, சீக்கிரம் பார்த்தேன், உயிரோடு நிற்கிறேன்.' கேட்ட பெண்கள் சோதனைக்குப் போனார்கள். நம்பிக்கையை மாற்றுவது துண்டறிக்கை அல்ல, நம்மில் ஒருத்தியின் வாய்.

ஆனால் அதுவும் போதவில்லை. இன்று அமெரிக்காவில் மேமோகிராம் எடுப்பதில் கறுப்பினப் பெண்கள் வெள்ளையினப் பெண்களுக்குப் பின்தங்கியில்லை. மார்பகப் புற்றுநோயால் சாவது மட்டும் சுமார் 40 சதவீதம் அதிகம். கட்டியின் தன்மையில் உள்ள வேறுபாடு ஒரு காரணம். சோதனைக்குப் பின் தள்ளிப்போகும் சிகிச்சை, இல்லாத காப்பீடு, தரங்குறைந்த மருத்துவமனை ஆகியவை மற்ற காரணங்கள். நியூயார்க்கின் ஹார்லெமில் ஹரால்டு ஃப்ரீமேன் என்ற கறுப்பின அறுவை மருத்துவர் இதைத்தான் பிடித்தார். 1964 முதல் 1986 வரை அங்கே வந்த மார்பகப் புற்றுநோயாளிகளில் ஐந்தாண்டு பிழைத்தவர்கள் 39 சதவீதம். ஏழைகளுக்குச் சோதனை கிடைக்கச் செய்தார். 1990இல் நோயாளியோடு கூடவே நடக்க ஆள் போட்டார். சீட்டு வாங்க, முடிவு கேட்க, அடுத்த தேதியைத் தவறவிடாமல் இருக்க ஒரு துணை. 1995 முதல் 2000 வரை வந்தவர்களில் பிழைத்தவர்கள் 70 சதவீதம். பெண்களின் மனசை மட்டும் பழுதுபார்த்து வந்த கணக்கல்ல இது. வழியைப் பழுதுபார்த்தார்கள்.

நம் பக்கம் வருவோம். திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் 2000 முதல் 2003 வரை 30–59 வயதுப் பெண்கள் 49,311 பேரைச் சோதனைக்கு அழைத்தார்கள். 31,343 பேர் வந்தார்கள். பயிற்சி பெற்ற நர்சுகள் அசிட்டிக் அமிலம், அதாவது வினிகரில் உள்ள அதே பொருள், தடவிப் பார்த்தார்கள். கருப்பைவாய்ப் புற்றுநோய்ச் சாவு 35 சதவீதம் குறைந்தது என்று 2007இல் முடிவு வந்தது. ஒப்பிடுவதற்காக 30,958 பெண்கள் சோதனை இல்லாமல் விடப்பட்டார்கள். அது அறமா என்ற கேள்வி பின்னர் எழுந்தது, எழ வேண்டியதுதான். ஆனால் வழி இருந்தால் நம் பெண்கள் வருவார்கள் என்பது அப்போதே தெரிந்துவிட்டது. அப்படியிருந்தும் 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 30–49 வயதுப் பெண்களில் ஒருமுறையாவது இந்தச் சோதனை செய்துகொண்டவர்கள் 9.8 சதவீதம்தான். உடனே 'விழிப்புணர்வு இல்லை' என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். விழிப்புணர்வு இல்லாதது யாருக்கு? முகாமை எங்கே வைப்பது என்று முடிவு செய்தவர்களுக்கு இல்லையா?

நம்மையும் கேட்டுக்கொள்வோம். 1972இல் பம்பாயில் தலித் இளைஞர்கள் அமெரிக்கக் கருஞ்சிறுத்தைகளிடமிருந்து பெயரை எடுத்தார்கள். அந்தச் சிறுத்தைகள் இலவச மருத்துவமனை நடத்தினார்கள். 1970களின் தொடக்கத்தில் தம் மக்களுக்கு அரிவாள் செல் சோகைக்கான இரத்தச் சோதனையைத் தாங்களே செய்தார்கள். பெயர் இங்கே வந்தது, மருத்துவமனை வந்ததா? நம் மேடைகளில் எத்தனை முறை 'கருப்பை' என்ற சொல் ஒலித்திருக்கிறது? பெண்களுக்கு வெட்கம் என்று எழுதுகிறவர்கள் ஆண் தோழர்களின் வெட்கத்தை அளக்க ஒரு கேள்வித்தாள் தயாரிக்கட்டும்.

மாணவி தாளைத் திருத்தியிருக்கிறார். இப்போது கேள்வி முகாம் நடத்துகிறவர்களுக்கு. இடம் சேரியா, ஊரா? பார்ப்பது பெண்ணா? மறைப்பு உண்டா? எந்தத் தெரு என்று கேட்ட பிறகு குரல் மாறுகிறதா? முடிவு எத்தனை நாளில் கைக்கு வரும்? கோளாறு என்றால் கூட வருவது யார்?

கடைசிக் கேள்விக்கு நாம்தான் பதில். ஒவ்வொரு கிளையிலும் இரண்டு பெண் தோழர்கள் இந்த வேலையை எடுக்க வேண்டும். பஸ் காசு கிளையின் பொறுப்பு. அவர்கள் அலையும் நாளில் அவர்கள் வீட்டுச் சோறு ஆண் தோழர்களின் பொறுப்பு.

சின்னம்மா போன வாரம் சோதனைக்குப் போய்வந்தார். அந்த மாணவிதான் கூடப் போனார். எனக்கு அன்றைக்குக் கூட்டம் இருந்தது. முடிவு இன்னும் வரவில்லை. வாங்கப் போகிற அன்று நான் போகிறேன்.