‘வந்துடுச்சு, ஆனா வரலை’: பழவேற்காட்டில் மாட்டிக்கொண்ட 250 டாலர்

பழவேற்காட்டுக்குப் போய்விட்டு நண்டு வாங்காமல் திரும்புவது கஷ்டம். போன மாதம் நானும் அப்படித்தான். பேரம் படிந்து, க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து காசு அனுப்பி முடித்த நேரத்தில், நண்டுக்காரம்மாவின் இளைய மகன் பக்கத்தில் வந்து நின்றார். “அண்ணே, நீங்க கிரிப்டோ பத்தியெல்லாம் எழுதுறவராமே? இதைக் கொஞ்சம் பாருங்களேன்.” கூட வந்த நண்பர் போட்டுக்கொடுத்துவிட்டார்.

அவருடைய அண்ணன் துபாயில் வேலை பார்க்கிறார். வீட்டுப் படகின் என்ஜின் பழுதாகிவிட்டது. சரிசெய்ய 250 யுஎஸ்டிடி அனுப்பியிருக்கிறார். நம்ம காசுக்கு 22,000 ரூபாய் பக்கம் வரும். பரிவர்த்தனை எண்ணைப் போட்டுத் தேடினால் பச்சை டிக், ‘வெற்றி’ என்று காட்டுகிறது. தம்பியின் எக்ஸ்சேஞ்ச் ஆப்பைத் திறந்தால் இருப்பு பூஜ்ஜியம். பக்கத்தில் நின்ற அம்மா கேட்டது ஒரே கேள்விதான்: “காசு வந்துச்சா, வரலையா?”

வந்துடுச்சு. ஆனா வரலை. இரண்டுமே உண்மை. அது எப்படி என்று அந்த அம்மாவுக்குப் புரியவைக்க எனக்கு அரை மணி நேரம் ஆனது. உங்களுக்குக் கொஞ்சம் சீக்கிரம் சொல்லிவிடப் பார்க்கிறேன்.

பெயர் ஒன்று, கணக்கு வேறு

யுஎஸ்டிடி, யுஎஸ்டிசி இரண்டும் ஸ்டேபிள்காயின்கள். ஒரு காயின் ஒரு டாலருக்குச் சமம் என்று அதை வெளியிடும் கம்பெனி வாக்குக் கொடுக்கிறது. 2014-ல் வந்த யுஎஸ்டிடியை வெளியிடுவது டெதர், 2018-ல் வந்த யுஎஸ்டிசியை வெளியிடுவது சர்க்கிள். இதுவரை எல்லோருக்கும் தெரிந்த கதை.

பலருக்குத் தெரியாத பாதி இதுதான்: ‘யுஎஸ்டிடி’ என்று தனியாக ஒரு பொருள் கிடையாது. எத்தீரியத்தில் ஒரு யுஎஸ்டிடி, ட்ரானில் ஒரு யுஎஸ்டிடி, சொலானாவில் இன்னொன்று. ஒவ்வொரு நெட்வொர்க்கும் தனிக் கணக்குப் புத்தகம். ட்ரான் என்று ஒன்று இருப்பதே எத்தீரியத்துக்குத் தெரியாது. ஒரு புத்தகத்தில் எழுதிய வரவு இன்னொன்றில் தானாக ஏறாது.

ட்ரான் முகவரி ‘டி’ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும். எத்தீரியம் முகவரி பூஜ்ஜியம், எக்ஸ் என்று தொடங்கும். இவற்றை மாற்றிப் போட்டால் ஆப்பே தடுத்துவிடும். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. எத்தீரியம், பிஎன்பி செயின், பாலிகான் மூன்றுக்கும் முகவரி ஒரே மாதிரி இருக்கும். எந்த எச்சரிக்கையும் வராது. துபாய் அண்ணன் செய்தது அதைத்தான். தம்பி கொடுத்தது எத்தீரியம் முகவரி. கட்டணம் குறைவு என்று அண்ணன் தேர்ந்தெடுத்தது பிஎன்பி செயின். அதே முகவரிக்கு, வேறொரு புத்தகத்தில், 250 யுஎஸ்டிடி வரவாகிவிட்டது. தம்பியின் எக்ஸ்சேஞ்ச் அந்தப் புத்தகத்தைத் திறந்தே பார்ப்பதில்லை.

முகவரி உங்கள் சொந்த வாலட்டுடையது என்றால் பயமில்லை. சாவி உங்களிடம் இருப்பதால், வாலட்டில் அந்த நெட்வொர்க்கைச் சேர்த்தால் காசு கண்ணுக்குத் தெரியும். எடுத்து அனுப்ப அந்த நெட்வொர்க்கின் சொந்தக் காயின் கொஞ்சம் கட்டணத்துக்கு வேண்டும், அவ்வளவுதான். ட்ரானில் ட்ரான் காயின், எத்தீரியத்தில் ஈத்தர். (கையில் நூற்றுக்கணக்கில் டாலர் இருக்கும், அதை நகர்த்த சில ரூபாய் மதிப்புள்ள இன்னொரு காயின் இருக்காது. நானே ஒருமுறை இப்படி மாட்டிக்கொண்டு அரை நாள் முழித்திருக்கிறேன்.) ஆனால் தம்பியின் முகவரி எக்ஸ்சேஞ்ச் கொடுத்தது. சாவி அவர்களிடம். அவர்கள் மனசு வைத்தால்தான் உண்டு.

சராப்புக் கடை ஞாபகம்

இதைக் கேட்க ஏதோ புதுத் தலைவலி மாதிரி இருக்கிறது. பழவேற்காட்டில் நின்றுகொண்டு அப்படிச் சொல்ல முடியாது. டச்சுக்காரர்கள் 1613-ல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டி, சோழமண்டலக் கரை வியாபாரத்துக்கு இந்த ஊரைத்தான் தலைமையிடம் ஆக்கினார்கள். இங்கேயே நாணயமும் அடித்தார்கள். தெற்கே சென்னையில் ஆங்கிலேயர்களின் நாணயச்சாலை. ஒரே கரையில் பல சாலைகளின் காசு ஓடியது.

எல்லாவற்றுக்கும் பெயர் ‘வராகன்’தான், ஆனால் மதிப்பு ஒன்றல்ல. சென்னையின் நட்சத்திர வராகன் ஒன்றுக்கு 42 பணம், ஒரு பணத்துக்கு 80 காசு. பரங்கிப்பேட்டை வராகனில் தங்கம் குறைவு, அதை நட்சத்திர வராகனுக்கு ஈடாக யாரும் வாங்கவில்லை. ஒன்றைக் கொடுத்து இன்னொன்றை வாங்க சராப்பு வேண்டும். அவர் உரைகல்லில் தேய்த்து, தராசில் நிறுத்து, வட்டம் பிடித்துக்கொண்டு மாற்றிக் கொடுப்பார். 1818-ல் கம்பெனி 100 வராகனுக்கு 350 ரூபாய் என்று ஈடு வைத்து ரூபாய்க்கு மாறிய பிறகுதான் இந்தக் குழப்பம் அடங்கத் தொடங்கியது.

இன்றைய சராப்புக்கு ‘பிரிட்ஜ்’ என்று பெயர். ஒரு நெட்வொர்க்கிலிருந்து இன்னொன்றுக்குக் காயினைக் ‘கொண்டுபோகும்’ சேவை. கொண்டுபோகும் என்பதே தப்பான சொல். எதுவும் அங்கிருந்து இங்கே வருவதில்லை. பழைய முறையில், உங்கள் காயினை அந்தப் பக்கம் பூட்டி வைத்துவிட்டு, இந்தப் பக்கம் அதற்கொரு நகல் அடித்துத் தருவார்கள். நகலின் மதிப்பு பூட்டின் பலத்தைப் பொறுத்தது.

பூட்டு எத்தனை முறை உடைந்திருக்கிறது தெரியுமா? 2022 பிப்ரவரியில் வார்ம்ஹோல் பிரிட்ஜில், பூட்டி வைக்காத ஈத்தருக்கே சொலானா பக்கம் 1,20,000 நகல் அடித்துவிட்டார்கள். அடுத்த மாதமே ரோனின். ஒன்பது சாவிகளில் ஐந்து இருந்தால் திறக்கும் பெட்டி. ஐந்தும் திருடர்கள் கைக்குப் போக, 1,73,600 ஈத்தரும் 2.55 கோடி யுஎஸ்டிசியும் காணாமல் போயின. ஆறு நாள் யாருக்கும் தெரியாது. ஒரு வாடிக்கையாளர் பணம் எடுக்க முடியவில்லை என்று புகார் சொன்ன பிறகுதான் பெட்டி காலி என்றே தெரிந்தது. 2023 ஜூலையில் மல்டிசெயின் என்ற பிரிட்ஜ் சரிந்தபோது, அது ஃபேன்டம் நெட்வொர்க்கில் அடித்துவிட்ட ‘யுஎஸ்டிசி’ ஒரு டாலருக்கு வெகு கீழே போனது. சர்க்கிள் வெளியிட்ட அசல் யுஎஸ்டிசிக்கு அன்று ஒன்றும் ஆகவில்லை. பெயர் ஒன்று, தங்கம் வேறு. பரங்கிப்பேட்டை வராகன் கதையேதான்.

சொன்னால் அண்ணனுக்கே ஆச்சரியமாக இருக்கும்: பிஎன்பி செயினில் அவர் அனுப்பிய யுஎஸ்டிடியும் டெதர் நேரடியாக வெளியிட்டதல்ல. தன்னிடமுள்ள யுஎஸ்டிடியை ஈடாகக் காட்டி பைனான்ஸ் விட்ட நகல்.

இதைவிட நேர்மையான வழி இப்போது இருக்கிறது. 2023 ஏப்ரலில் சர்க்கிள் கொண்டுவந்த முறையில் நகலே கிடையாது. இந்தப் பக்கம் உங்கள் யுஎஸ்டிசியை எரித்துவிடுவார்கள், அந்தப் பக்கம் அதே அளவு அசலைப் புதிதாக அடிப்பார்கள். இரண்டு பக்கமும் பொறுப்பு ஒரே கம்பெனி. அந்தக் கம்பெனியே தடுமாறினால்? 2023 மார்ச்சில் சிலிக்கான் வேலி வங்கி மூழ்கியபோது சர்க்கிளின் கையிருப்பில் 330 கோடி டாலர் அங்கே மாட்டியிருந்தது. யுஎஸ்டிசி ஓரிரு நாள் 90 சென்ட்டுக்கும் கீழே இறங்கி, பிறகு மீண்டது. ஆனாலும், யாரைக் கேட்பது என்பதாவது தெரிந்தது.

சின்னத் தொகைக்கு பிரிட்ஜ் பக்கமே போகாதீர்கள் என்பது என் கருத்து. இரண்டு நெட்வொர்க்கையும் ஏற்கும் எக்ஸ்சேஞ்ச் ஒன்றில் ஒரு வழியாகப் போட்டு இன்னொரு வழியாக எடுப்பதே எளிது. அதிலும் முதலில் பத்து டாலர் அனுப்பி, வந்து சேர்ந்ததா என்று பார்த்துவிட்டு மீதியை அனுப்புங்கள். வாங்குபவர் ஆப்பில் ‘டெபாசிட்’ பக்கத்தைத் திறந்து, காயின் பெயரோடு நெட்வொர்க் பெயரையும் சேர்த்து ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். முகவரியை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்புவதுதான் பாதித் தப்புக்குக் காரணம்.

சரி, யாரைக் கேட்பது?

வீட்டுச் செலவுக்கு அனுப்பும் பணம் இந்த வழியில் போகவே வேண்டுமா? “ஃபீஸ் கம்மிண்ணே” என்றார் தம்பி. கணக்குப் போட்டுப் பார்த்தோம். காயினை இந்தியாவில் ரூபாயாக்கும்போது 1% டிடிஎஸ். லாபம் வந்தால் 30% வரி. நஷ்டத்தை வேறெதிலும் கழிக்க முடியாது. பிடித்த டிடிஎஸ்ஸை வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து திரும்பக் கேட்கலாம்தான். கணக்கே தாக்கல் செய்யாத வீட்டில் அது போனதுதான். டிடிஎஸ்ஸுக்குப் பயந்து முகம் தெரியாத ஆளிடம் நேரடியாக விற்றால் ஆபத்து இன்னும் பெரியது. அவர் அனுப்பும் ரூபாய் ஏதாவது சைபர் மோசடிப் பணமாக இருந்தால், போலீஸ் விசாரணையில் உங்கள் வங்கிக் கணக்கு முடங்கும்.

உலக அளவில் 200 டாலர் அனுப்ப ஆகும் சராசரிச் செலவு 6 சதவீதத்துக்கும் மேல். வளைகுடாவிலிருந்து இந்தியாவுக்கு அவ்வளவு ஆவதில்லை. சிங்கப்பூர் என்றால் 2023 பிப்ரவரி 21 முதல் பேநவ்வும் யுபிஐயும் இணைந்திருக்கின்றன. தொடங்கியபோது நாளொன்றுக்கு 60,000 ரூபாய் வரம்பு. அங்கேயும் இரண்டு தனித்தனிப் புத்தகங்கள்தான், நடுவே பாலம்தான். வித்தியாசம் என்னவென்றால், காசு நடுவழியில் நின்றால் வங்கியில் கேட்கலாம், வங்கி கைவிரித்தால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

கிரிப்டோவுக்கு அப்படி ஒரு கதவு இல்லை. 2022-லிருந்து அரசு வரி வாங்குகிறது. 2023 மார்ச்சிலிருந்து எக்ஸ்சேஞ்சுகளைப் பணமோசடித் தடுப்புச் சட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டது. இரண்டுமே அரசுக்குத் தேவையானவை. வாடிக்கையாளருக்குத் தேவையான மூன்றாவது ஒன்று இன்னும் வரவில்லை.

நீதிமன்றம் கொஞ்சம் முன்னால் போயிருக்கிறது. 2024 ஜூலையில் வாசிர்எக்ஸ் எக்ஸ்சேஞ்சில் சுமார் 23 கோடி டாலர் களவுபோனது. அதன்பின் முடக்கப்பட்ட கணக்குகளில் சென்னையைச் சேர்ந்த ஒருவருடையதும் உண்டு. 1,98,516 ரூபாய்க்கு அவர் எக்ஸ்ஆர்பி வாங்கியிருந்தார். அது ஸ்டேபிள்காயின் அல்ல, ஆனால் விஷயம் இங்கே பொருந்தும். 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ், கிரிப்டோ ஒரு சொத்து, அதை இன்னொருவர் பொறுப்பில் நம்பிக்கைச் சொத்தாக வைத்திருக்க முடியும் என்றார். திருடுபோனவை எத்தீரியம் வகை டோக்கன்கள், இவர் வைத்திருந்தது வேறு என்பதையும் குறிப்பிட்டு, அவருக்கு இடைக்காலப் பாதுகாப்பு கொடுத்தார். எந்த நெட்வொர்க் என்ற கேள்வி நீதிமன்றப் படியேறிவிட்டது.

அது சொத்து என்றால், தவறான நெட்வொர்க்கில் வந்து எக்ஸ்சேஞ்சின் முகவரியிலேயே கிடக்கும் 250 டாலர் யாருடையது? அனுப்பியது அண்ணன், சேர வேண்டியது தம்பிக்கு, சாவி கம்பெனியிடம். பெரும்பாலான நேரங்களில் இதை எடுத்துக் கொடுப்பது முடியாத வேலை இல்லை. ஆள் செலவு ஆகும் என்பதால் தட்டிக்கழிக்கிறார்கள். இந்தியாவில் பதிவு செய்த எக்ஸ்சேஞ்ச் எதுவானாலும், தன் முகவரிக்குத் தவறான வழியில் வந்த காயினை, முன்கூட்டியே அறிவித்த கட்டணத்தில், குறித்த நாளுக்குள் திருப்பித் தர வேண்டும் என்று விதி வர வேண்டும். முடியாது என்றால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். கிரிப்டோ நல்லதா கெட்டதா என்ற பட்டிமன்றம் முடியும்வரை இதற்குக் காத்திருக்கத் தேவையில்லை.

பழவேற்காட்டில் ‘பாடு’ என்று ஒரு முறை உண்டு. ஏரியில் எந்த இடத்தில் யார், எந்த நாள் வலை போடுவது என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். தகராறு வந்தால் ஊர்ப் பஞ்சாயத்து பேசித் தீர்க்கும். அந்த முறையிலும் குறைகள் உண்டு. பாட்டில் பங்கில்லாதவர்களைக் கேட்டால் நிறையச் சொல்வார்கள். ஆனால் என் இடத்தில் இன்னொருவர் வலை போட்டுவிட்டார் என்றால் யார் வீட்டு வாசலில் போய் நிற்பது என்று அந்த அம்மாவுக்குத் தெரியும். மகனின் 250 டாலருக்கு எந்த வாசல் என்று அவருக்கு மட்டுமில்லை, எனக்கும் தெரியவில்லை.

கிளம்பும்முன் தம்பியின் போனில் புகாரைத் திருத்தி எழுதிக் கொடுத்தேன்: பரிவர்த்தனை எண், அனுப்பிய நெட்வொர்க், அனுப்பிய வாலட் அண்ணனுடையதுதான் என்பதற்கான ஆதாரம். போன வாரம் அவர் வாட்ஸ்அப் செய்திருந்தார். எக்ஸ்சேஞ்ச் இன்னும் ‘பரிசீலனையில்’ என்றுதான் காட்டுகிறதாம். என்ஜின் சரியாகிவிட்டது, நண்டு வியாபாரியிடம் முன்பணம் வாங்கி. கடன் அடையும்வரை பிடிக்கிற நண்டெல்லாம் அவருக்குத்தான், அவர் சொல்கிற விலைக்குத்தான்.